சென்னையில் விளையாட உயர்ரக பெயிண்ட்பால் மார்க்கர்: எதை வாங்குவது?

வேளச்சேரியில் இருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஆபீஸ் நண்பர்களோடு ஈசிஆர் பக்கம் வாடகை மார்க்கரில் விளையாடிப் பழகினேன். இப்போது சொந்தமாக ஒன்று வாங்க ஆசை. மச்சான் டல்லாஸில் இருக்கிறார், பொங்கலுக்கு ஊருக்கு வருகிறார். இரண்டு லட்சம் ரூபாய் வரை போட முடியும். பிளானட் எக்லிப்ஸ் சிஎஸ்3, டை எம்3 பிளஸ், லக்ஸ் டிஎம்40 இந்த மூன்றில் எது துல்லியமாகச் சுடும், எதை வாங்கிவரச் சொல்லலாம்?”

பெயிண்ட்பால் என்பது சாய உருண்டையால் ஒருவரை ஒருவர் சுட்டு ஆடும் ஆட்டம், மார்க்கர் என்பது அதற்கான காற்றழுத்தத் துப்பாக்கி. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மூன்றுக்குள்தான் என்றால் சிஎஸ்3. ஆனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால் மூன்றையும் விட்டுவிட்டு, அதே எக்லிப்ஸ் கம்பெனியின் 170ஆர் வாங்கி, மிச்சமாகும் பணத்தை முகக்கவசத்திலும் காற்று டேங்கிலும், மார்க்கர் மேலே உருண்டைகளைக் கொட்டி வைக்கும் ஹாப்பரிலும் போடுவேன். காரணம் நம்ம ஊர் வெயிலும் ஈரக்காற்றும். டல்லாஸில் விளையாடுகிறவருக்குப் பொருந்துகிற பதில் திருவான்மியூரைத் தாண்டி விளையாடுகிறவருக்கு அப்படியே பொருந்தாது.

நீங்கள் கேட்ட துல்லியத்திலிருந்து தொடங்குகிறேன். மார்க்கரிலிருந்து போவது 0.68 அங்குலம், அதாவது 17 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான விட்டமுள்ள உருண்டை. எடை மூன்று கிராம் அளவு. மேலே ஜெலட்டின் தோல், உள்ளே பாலிஎத்திலீன் கிளைக்கால் கலந்த சாயம். மருந்துக் கடையில் விற்கும் எண்ணெய் மாத்திரை எப்படிச் செய்யப்படுகிறதோ, அதே முறையில் செய்யப்படுவது. அதற்கு ஒரு தையல் விளிம்பு உண்டு, உள்ளே திரவம் குலுங்கும், முழு வட்டமாகவும் இருக்காது. துப்பாக்கித் தோட்டாபோல் சுழன்று நேராகப் போக வழியில்லை. ஆகவே உருண்டை எங்கே போய் விழுகிறது என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது உருண்டையின் தரம். அடுத்து, அந்த உருண்டையின் அளவுக்கு பேரலின், அதாவது உருண்டை வெளியே போகும் குழலின், துளை பொருந்துகிறதா என்பது. மார்க்கரின் வேலை அதற்கப்புறம்தான் வருகிறது: ஒவ்வொரு தடவையும் ஒரே வேகத்தில் தள்ள வேண்டும், உருண்டையை நசுக்காமல் தள்ள வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் எந்த நவீன மார்க்கரும் இதைச் செய்துவிடும்.

எமெக் என்று எக்லிப்ஸிலேயே ஒரு மார்க்கர் இருக்கிறது. பேட்டரியே கிடையாது, முழுக்க இயந்திர ட்ரிக்கர். சிஎஸ்3 விலையில் ஐந்தில் ஒரு பங்கைச் சுற்றித்தான் இருக்கும். அதையும் சிஎஸ்3யையும் மேஜையில் இறுக்கிக் கட்டி, ஒரே பேரலைப் போட்டு, ஒரே பையிலிருந்து உருண்டை எடுத்துச் சுட்டால், எந்தப் புள்ளி எந்த மார்க்கருடையது என்று பலகையைப் பார்த்துச் சொல்வது கடினம். மைதானங்கள் எல்லாருக்கும் வைக்கும் வேக வரம்பும் ஒன்றுதான். வெளி மைதானத்தில் பொதுவாக நொடிக்கு 300 அடி, மீட்டரில் 91. விலை கூடின மார்க்கர் கூடுதல் தூரம் போகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்த ஆட்டம் 1981 ஜூன் 27 அன்று அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹெனிக்கர் என்ற சிற்றூரில் முதன்முதலாக நடந்தபோது, மரங்களுக்கும் மாடுகளுக்கும் அடையாளம் போடச் செய்த நெல்-ஸ்பாட் 007 என்ற கைத்துப்பாக்கியை வைத்துத்தான் பன்னிரண்டு பேர் ஆடினார்கள். ஜெயித்தவர் ஒரு தடவைகூடச் சுடாமல் கொடிகளை எடுத்துக்கொண்டு வந்தவர். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் நான் இதைச் சொல்வதுண்டு. உங்களுக்கும் சொல்கிறேன்.

அப்படியானால் உயர்ரக மார்க்கருக்கு ஒன்றரை லட்சம் எதற்கு? கையில் உணரும் வித்தியாசத்துக்கு. அதிர்வு குறைவு, சத்தம் குறைவு, எடை சரியாகப் பங்கிடப்பட்டிருக்கும், ட்ரிக்கரை மில்லிமீட்டர் கணக்கில் சரிசெய்யலாம், கருவி இல்லாமலே கழற்றிச் சுத்தம் செய்யலாம். போட்டிகளில் நொடிக்குப் பத்து உருண்டையை ஒட்டிய வேகத்தில் தொடர்ந்து சுடும்போது குறி கலையாமல் இருக்க இதெல்லாம் உதவும். இது உண்மையான பயன், நான் குறைத்துச் சொல்லவில்லை. நல்ல ஸ்பூல் மார்க்கரை ஒரு தடவை கையில் பிடித்துச் சுட்டவருக்கு வாடகை மார்க்கர் சுத்தியல் மாதிரிதான் தெரியும்.

ஸ்பூல் என்றேன், அதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். மின்னணு மார்க்கர்களில் இரண்டு குடும்பங்கள் உண்டு. பாப்பெட் வகையில் ஒரு சுத்தியல் போய் வால்வைத் தட்டித் திறக்கிறது, காற்று பீறிட்டு உருண்டையைத் தள்ளுகிறது. எக்லிப்ஸின் ஈகோ வரிசையும் அதன் வாரிசான எல்வி வரிசையும் இந்த வகை. காற்றுச் செலவு குறைவு, சுடும்போது கொஞ்சம் வெடுக்கென்று இருக்கும். ஸ்பூல் வகையில் சுத்தியல் கிடையாது. உருண்டையைப் பேரலுக்குள் தள்ளும் போல்ட்டே முன்னால் நகர்ந்து, அந்த நகர்விலேயே காற்றுக்கு வழி திறக்கிறது. நீங்கள் சொன்ன மூன்றுமே ஸ்பூல். மென்மையாக இருக்கும், உருண்டையைத் தொடுவதும் பக்குவமாக இருக்கும். பழைய ஸ்பூல் மார்க்கர்கள் காற்றைக் குடித்துத் தீர்க்கும். இப்போது அந்தக் குறை பெரிதும் போய்விட்டது.

இனி சென்னைக்கு வருவோம். “உருண்டையை மென்மையாகத் தொடும்” என்பது உயர்ரக ஸ்பூல் மார்க்கர்களின் தலையாய பெருமை. குளிர்நாட்டில் அது பெரிய விஷயம். குளிரிலும் வறண்ட காற்றிலும் ஜெலட்டின் தோல் விறைத்து நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். போட்டிக்கென்று செய்யும் உருண்டைகளுக்குத் தோலும் மெல்லியது. போல்ட் கொஞ்சம் முரட்டுத்தனமாகத் தட்டினால் பேரலுக்குள்ளேயே உடைந்து சாயம் பரவிவிடும். நம் ஊரில் பிரச்சினை நேரெதிர். ஜெலட்டின் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சென்னையில் காற்றின் ஈரப்பதம் வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் 70 சதவீதத்தைச் சுற்றியே இருக்கிறது. பையைத் திறந்து வைத்து ஒரு மதியம் போனால் உருண்டை உப்பிப் பெருத்து, தோல் ரப்பர் மாதிரி ஆகிவிடும். பேரலுக்குள் உடைவது அபூர்வம், எதிராளி மேல் பட்டுத் தெறித்து உடையாமல் போவதுதான் வாடிக்கை. “பட்டுச்சு, ஆனா உடையலை” என்று மைதானத்தில் நடக்கும் பாதிச் சண்டைக்குக் காரணம் இதுதான்.

அதனால் நாம் எவ்வளவு பணம் கொடுத்து மென்மையான போல்ட் வாங்கினாலும், அந்த மென்மைக்கு இங்கே வேலை குறைவு. நமக்கு வேண்டியது வேறு. உப்பின உருண்டைக்கு ஏற்ப பேரலின் துளையை மாற்றிக்கொள்ளும் வசதி முதலில் வேண்டும். உள்ளே செருகும் குழாய்கள் உள்ள பேரல்கள் இதற்காகவே வந்தவை. ஃப்ரீக் என்ற பழைய, நம்பகமான தொகுப்பில் 0.679 அங்குலத்திலிருந்து 0.695 வரை பல அளவுகள் உண்டு. மைதானத்தில் போய் இறங்கியதும் உருண்டையை பேரலின் பின்பக்கத்தில் போட்டுப் பாருங்கள். தானாக உருண்டு வெளியே விழுந்தால் துளை பெரிது. வாயால் பலமாக ஊதினாலும் நகரவில்லை என்றால் சிறிது. உருளாமல் நின்று, ஒரு ஊதலில் வெளியே போனால் சரி. காலையில் 0.684 சரியாக இருந்து, மதியம் 0.689க்குப் போக வேண்டிய நிலை நம்மூர் ஐப்பசி, கார்த்திகையில் வரும். இந்தச் சின்னக் குழாயை மாற்றும் பழக்கம், இரண்டு மார்க்கர்களுக்கு நடுவே இருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வித்தியாசத்தைவிட உங்கள் குறியைத் திருத்தும். பெரும்பாலான நவீன மார்க்கர்களின் பேரல் மரை ஆட்டோகாக்கர் அளவுதான் என்பதால், நல்ல பேரல் ஒன்று வாங்கிவிட்டால் அடுத்த மார்க்கருக்கும் அது வரும்.

உருண்டை உடையவில்லை என்று வேகத்தைக் கூட்டும் ஆசை வரும், செய்யாதீர்கள். நொடிக்கு 300 அடி என்ற வரம்பு எதிராளியின் கண்ணுக்காகவும் தோலுக்காகவும் வைத்தது. உருண்டையைக் காற்றுப் புகாத டப்பாவில், ஏசி அறையில் வைத்து, மைதானத்துக்குப் போனபின் அந்தச் சுற்றுக்குத் தேவையானதை மட்டும் ஹாப்பரில் கொட்டுங்கள். ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம். வெளியே எடுத்ததும் மேலே வியர்த்துவிடும், அந்த ஈரமே போதும் கெட்டுப்போக.

அடுத்தது காற்று. உங்கள் கேள்வியில் இல்லாததும், முடிவை உண்மையில் தீர்மானிப்பதும் இதுதான். உயர்ரக மார்க்கர் எதுவும் கார்பன் டை ஆக்சைடில் ஓடக் கூடாது. அந்த வாயு டேங்குக்குள் திரவமாக இருக்கிறது. 21 டிகிரி வெப்பத்தில் அதன் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 850 பவுண்டு அளவு. 31 டிகிரியைத் தாண்டினால் திரவம், வாயு என்ற வேறுபாடே மறைந்து, அழுத்தம் 1,070ஐத் தாண்டி வெப்பத்தோடு விறுவிறுவென ஏறும். சென்னையில் 31 டிகிரி என்பது தை மாசத்து மதியத்திலேயே எட்டிவிடக்கூடியது, கத்திரி வெயிலில் 40ஐத் தொடுகிறது. காலையில் 280 அடிக்கு வைத்த வேகம் மதியம் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. அதோடு, குளிர்ந்த திரவம் உள்ளே புகுந்தால், மின்சாரத்தில் திறந்து மூடும் வால்வான சொலினாய்டும் சீல்களும் கெட்டுப்போகும்.

ஆகவே உயர் அழுத்தக் காற்று டேங்க்தான். வழக்கமான அளவு 68 கன அங்குலம், 4,500 பவுண்டு அழுத்தம், கார்பன் இழை சுற்றியது. முழுதாக நிரப்பினால் நல்ல மார்க்கரில் 1,200க்கு மேல் சுடலாம். கேள்வி என்னவென்றால், 4,500 வரை நிரப்ப எங்கே போவீர்கள்? பார் என்ற அழுத்த அளவில் அது 310. ஸ்கூபா கடைகளில் இருக்கும் சிலிண்டர்கள் வழக்கமாக 200 முதல் 232 பார் வரைதான். தீயணைப்பு வீரர்களும் ரசாயன ஆலைக்காரர்களும் முதுகில் மாட்டும் சுவாசச் சிலிண்டர்கள் 300 பார் வகை. அவற்றை நிரப்பும் கம்ப்ரசர் உள்ள இடம் கிடைத்தால் உங்களுக்கு யோகம். மணலி, எண்ணூர் மாதிரி ஆலைகள் நிறைந்த பகுதிகளில் பாதுகாப்புக் கருவி விற்பவர்களிடம் விசாரித்துப் பாருங்கள். அங்கே கிடைக்காவிட்டால் 200 பாரோடு திருப்திப்பட வேண்டும், அப்போது கிடைப்பது முழு டேங்கில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. வார இறுதி ஆட்டத்துக்கு அது போதும், பயப்பட வேண்டாம். ஆனால் டேங்கின் நிரப்பும் முனைக்கும் அவர்களுடைய வால்வுக்கும் பொருந்தும் இணைப்பு உங்களிடம் இருக்க வேண்டும். மச்சான் வாங்கிவரும் சாமான்களில் முதல் வரிசையில் எழுத வேண்டியது அது.

கம்ப்ரசர் வைத்திருப்பவரிடம் ஈரம் உறிஞ்சும் ஃபில்டரை எப்போது மாற்றினார் என்று கேட்கத் தயங்காதீர்கள். நம் காற்றில் அது சீக்கிரமே நிறைந்துவிடும். அப்புறம் டேங்குக்குள் தண்ணீர் போகும், அங்கிருந்து மார்க்கரின் சொலினாய்டுக்கு வரும். நிரப்பும் முனையில் எண்ணெயோ க்ரீஸோ ஒரு துளிகூடப் படக் கூடாது. அந்த அழுத்தத்தில் காற்று வேகமாக உள்ளே போகும்போது உண்டாகும் சூட்டில் எண்ணெய் தீப்பிடிக்கும், டேங்க் வெடித்த சம்பவங்கள் உண்டு. இதில் விளையாட்டு வேண்டாம்.

சரி, மார்க்கர்களுக்குத் திரும்புவோம். நான் எடை போடுவது ஒரே ஒரு கேள்வியை வைத்து: சனிக்கிழமை ராத்திரி காற்று கசிந்தால், ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டத்துக்குள் வேளச்சேரியில் உங்கள் சாப்பாட்டு மேஜையில் வைத்தே சரிசெய்ய முடியுமா? அமெரிக்காவில் கசிந்தால் பக்கத்துக் கடைக்குப் போவார்கள், இல்லை கம்பெனிக்கு அனுப்புவார்கள். இங்கிருந்து அனுப்பினால் போக்குவரத்துச் செலவும் சுங்கமும் சேர்ந்து மார்க்கர் திரும்பிவருவதற்குள் சீசனே முடிந்துவிடும்.

மார்க்கர் கோளாறுகளில் பெரும்பகுதி, காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கின் தேய்மானம். நல்ல சேதி என்னவென்றால், இந்த ஓ-ரிங்குகளில் பல ஏஎஸ்568 என்ற பொதுத் தர அளவுகள். டேங்க் வாயில் உட்காருவது 015 எண். பாரிமுனையில் சீல், ஹைட்ராலிக் சாமான் விற்கும் கடைகளில் அளவுஎண்ணைச் சொல்லி, 70 கடினத்தன்மையா 90 கடினத்தன்மையா என்பதையும் சொன்னால் எடுத்துக் கொடுப்பார்கள். அங்கே பாதிக்கு மேல் மில்லிமீட்டர் அளவில் இருக்கும். “கிட்டத்தட்ட இதேதான் சார்” என்று தருவதை வாங்காதீர்கள், அங்குல அளவு என்று அழுத்திச் சொல்லுங்கள். டேங்க் வாய்க்கு மட்டும் யூரித்தேன் வாங்குங்கள், கறுப்பு ரப்பரைவிட நெடுநாள் வரும். க்ரீஸ் மட்டும் கம்பெனி சொல்வதையே வாங்கவும். சைக்கிள் செயினுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை மார்க்கருக்குள் அடித்துக் கொண்டுவந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். சீல்கள் ஊறிப்போய், மொத்தமாகக் கழற்றி மாற்ற வேண்டியிருக்கும்.

இந்தக் கண்ணோட்டத்தில் மூன்றையும் பாருங்கள். டை எம்3 பிளஸ் கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் இருக்கும் டை கம்பெனியுடையது. மேட்ரிக்ஸ் என்ற பழைய மார்க்கரின் காலத்திலிருந்தே ஸ்பூலில் ஊறியவர்கள். மூன்றில் கைக்கு மிக அழகாக உட்காருவது இதுதான் என்பது என் அபிப்பிராயம். சின்னக் கையுள்ளவர்களுக்கு இன்னும் பிடிக்கும். போல்ட்டைப் பின்பக்கமாகக் கையால் உருவிச் சுத்தம் செய்துவிடலாம். ஆனால் திரையும் உள்ளே பதிந்த சார்ஜ் பேட்டரியும் மின்னணுச் சாமான்களும் நிறைய. கடற்கரைக் காற்றில் எனக்குக் கவலை தருவது அந்தப் பகுதி. ஈசிஆர் மைதானங்களில் உப்பு படிகிறது. அனோடைஸ் செய்த அலுமினிய உடம்பு தாங்கும், சின்னச் சின்ன எஃகு ஸ்க்ரூவும் மின்முனைகளும் தாங்காது. மின்சுற்றுப் போர்டு போனால் அதே மாடலின் போர்டைத் தவிர வேறு எதையும் போட முடியாது.

லக்ஸ் பேசும் மார்க்கர். அமைப்பை மாற்றும்போது எந்த நிலையில் இருக்கிறோம் என்று குரலில் சொல்லும். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு வேடிக்கை, பழகினவர்களுக்கு உண்மையிலேயே வசதி. டிஎம்40யில் சுடும்போது கையில் ஏறும் உதை அவ்வளவு குறைவு, வேலைப்பாடு நகைக்கடைச் சாமான் மாதிரி. ஃப்ரீக் எக்ஸ்எல் குழாய்கள் அதன் பேரலில் போகும் என்பது நமக்குச் சாதகம். ஆனாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பாகங்கள் அதற்கே உரியவை, செய்கிறவர்கள் சிறிய நிறுவனம், நம் நாட்டில் இன்னொருவரிடம் அதே மார்க்கர் இருந்து அவசரத்துக்கு ஒரு பாகம் கடன் வாங்கும் வாய்ப்பு மிகக் குறைவு. அமெரிக்காவில் இருந்தால் நானே ஆசைப்படுவேன்.

சிஎஸ்3 எக்லிப்ஸ் கம்பெனியின் உச்ச மாடல். இங்கிலாந்தின் மான்செஸ்டர் பக்கத்துக் கம்பெனி. பழைய ஜியோ வரிசையின் வாரிசு. மற்ற இரண்டைவிடச் சற்றுப் பெரிதாகத் தோன்றும், உங்கள் கை பெரிதென்றால் அது குறையே இல்லை. நான் அதை முன்னே வைப்பதற்குக் காரணம் சுடும் விதம் அல்ல, கழற்றும் விதம். எதை எப்படிக் கழற்ற வேண்டும், எந்த இடத்தில் எந்த அளவு ஓ-ரிங், எங்கே எவ்வளவு க்ரீஸ் என்று படத்தோடு அவர்கள் தரும் கையேடு இந்தத் துறையிலேயே சிறந்தது. மெக்கானிக் இல்லாத ஊரில் இருப்பவருக்கு அந்தக் கையேடுதான் மெக்கானிக். பழைய மாடல்களுக்கும் பாகங்கள் நெடுநாள் கிடைக்கின்றன.

அப்படியிருக்க 170ஆர் ஏன்? அதன் உள்ளே இருப்பது காமா கோர் என்ற போல்ட் அமைப்பு. இதே அமைப்புதான் எமெக், ஈத்தா 2 ஆகிய மலிவு மாடல்களிலும் இருக்கிறது. உலகம் முழுக்க வாடகை மைதானங்களில்கூட இது ஓடுகிறது. முரட்டுத்தனமாகப் பயன்படுத்தினாலும் தாங்கும், 135 பவுண்டு அளவு குறைந்த அழுத்தத்தில் ஓடும், பாகங்கள் மலிவு, எங்கும் கிடைக்கும். நண்பர் ஒருவர் எமெக் வாங்கினால் உங்கள் இருவருக்கும் ஒரே ஓ-ரிங் பெட்டி போதும். சென்னை மாதிரி, ஆட்டக்காரர்கள் குறைவாக இருக்கும் ஊரில் ஒரே குடும்ப மார்க்கர்களாக ஒரு குழு வாங்குவது எவ்வளவு பெரிய பலம் என்பதைப் பாகம் கிடைக்காமல் ஒரு மழைக்காலம் முழுக்க மார்க்கரை அலமாரியில் பூட்டி வைத்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். சுடும்போது சிஎஸ்3 அளவுக்கு மென்மை இல்லை, உண்மைதான். ஆனால் மேலே சொன்ன மாதிரி, அந்த மென்மையின் பாதிப் பயன் நம் உருண்டைகளில் வீண்.

விலையையும் பார்த்துவிடுவோம். உச்ச மாடல்கள் அமெரிக்கக் கடைகளில் சுமார் 1,300 முதல் 2,000 டாலர் வரை. 170ஆர் அதற்குக் கணிசமாகக் கீழே. இந்த மிச்சத்தை முதலில் முகக்கவசத்தில் போடுங்கள். ஏஎஸ்டிஎம் எஃப்1776 என்ற பெயிண்ட்பால் கண்பாதுகாப்புத் தரத்துக்கு உட்பட்டதா என்று பார்த்து, இரட்டைக் கண்ணாடி உள்ள தெர்மல் லென்ஸ் வாங்குங்கள். ஒற்றை லென்ஸ் நம் வியர்வையில் இரண்டு நிமிஷத்தில் பனிமூட்டமாகிவிடும். கண் தெரியாமல் கவசத்தைத் தூக்குகிற அந்த ஒரு நொடியில்தான் கண் போகிற விபத்து நடக்கிறது. வாடகைக் கவசத்தோடு ஒன்றரை லட்ச ரூபாய் மார்க்கரைப் பிடித்து நிற்பவரைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும். தொடர்ந்து சுடும் மார்க்கருக்கு உருண்டையைத் தடையில்லாமல் தள்ளும் மோட்டார் ஹாப்பரும் வேண்டும். டையின் ரோட்டர், வெர்ச்சூவின் ஸ்பைர் இரண்டும் நல்லவை. உப்பின உருண்டை சிக்கும்போது எளிதாகத் திறந்து எடுக்க முடிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

இதையெல்லாம் விட முன்னால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நீங்கள் ஆடும் மைதானத்தில் உருண்டை எந்த அளவு? சில இடங்களில் அடி வலிக்காமல் இருக்க 0.50 அங்குல உருண்டை வைத்திருப்பார்கள். உயர்ரக மார்க்கர்கள் எல்லாம் 0.68. அங்கே 0.50 மட்டும்தான் என்றால் உங்கள் மார்க்கர் கூடத்தில் காட்சிக்கு நிற்கும். சொந்த மார்க்கரை அனுமதிப்பார்களா, உருண்டையை எந்த விலைக்குத் தருவார்கள், வேகம் அளக்கும் கருவி இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். நொடிக்குப் பத்து சுடும் மார்க்கரில் 200 உருண்டை ஹாப்பர் இருபது நொடியில் காலி. வாடகை ஆட்டத்தில் மொத்தமே அந்த அளவு தருவார்களா என்பது சந்தேகம்.

“மச்சான் பெட்டியில் போட்டு எடுத்துவரட்டும்” என்பதில் எனக்கு உடன்பாடில்லை. பார்க்கத் துப்பாக்கி மாதிரி இருக்கும், காற்றழுத்தத்தில் இயங்கும் பொருள். நம் நாட்டில் காற்றுத் துப்பாக்கிகள் 1959ஆம் வருஷ ஆயுதச் சட்டமும் 2016ஆம் வருஷ ஆயுத விதிகளும் தொடும் விஷயம். மீனம்பாக்கத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்து பார்க்கும்போது விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பது நல்லதல்ல. டிக்கெட் போடுவதற்கு முன்பே சுங்கத் தரகர் ஒருவரைப் பிடித்து, மாடல் பெயர், படம், வேகம், எடை எல்லாம் கொடுத்து, ராஜாஜி சாலை சுங்க இல்லத்திலிருந்து எழுத்தில் பதில் வாங்குங்கள். முறைப்படி சரக்காக இறக்குமதி செய்வதில் வரி கூடினாலும் நிம்மதி. டேங்க் தனிக் கதை. அழுத்தச் சிலிண்டர்கள் 2016ஆம் வருஷ கேஸ் சிலிண்டர் விதிகளின்கீழ் வருகின்றன, நாக்பூரில் தலைமையகம் உள்ள வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் ஒப்புதல் விஷயம் அது. இங்கேயே ஒப்புதல் பெற்ற டேங்கை மைதானக்காரர் மூலம் வாங்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள். மார்க்கர் கைக்கு வந்தபின் காரில் கொண்டுபோகும்போதும் பூட்டிய பெட்டியில், டேங்க் கழற்றி, பேரலுக்கு உறை போட்டு, ரசீதோடு வைத்திருங்கள். அபார்ட்மெண்ட் மொட்டை மாடியில் எடுத்துப் பார்க்கும் வேலை வேண்டாம்.

எழுத்தில் அனுமதி வந்தால் மச்சானிடம் கொடுக்க வேண்டிய சீட்டில் இதையெல்லாம் சேருங்கள்: மார்க்கர், அதற்கான முழு சீல் கிட் இரண்டு, கம்பெனி க்ரீஸ் ஒரு டப்பா, உள்குழாய் தொகுப்போடு பேரல், உருண்டை கீழே நழுவாமல் பிடிக்கும் டிடென்ட் ரப்பர்கள் சில, கூடுதல் சொலினாய்டு ஒன்று, நிரப்பும் இணைப்பு, தெர்மல் லென்ஸ் கூடுதலாக ஒன்று. உருண்டை வாங்கிவரச் சொல்லாதீர்கள். 2,000 உருண்டை கொண்ட ஒரு பெட்டியே ஆறு கிலோ, இங்கே வந்து சேர்வதற்குள் சரக்கு அறைச் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும்.